அரிசியில் போட்ட கல்

கண்ணாடிக் கடையில் அவரை எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளியம்மா வைத்த பெயர். பொய்யும் இல்லை, டாக்டர் பட்டம் வாங்கியவர்தான். ஆனால் வாங்கியது வேறு சூரியன்களைச் சுற்றும் கோள்களை ஆராய்ந்து. கண்ணைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் சேர்ந்த பிறகு பயிற்சியில் படித்தது. வாடிக்கையாளர்கள் அதையெல்லாம் துருவுவதில்லை. டாக்டர் என்கிறார்களே, போதாதா என்று தாடையைக் கருவியின் மேல் வைத்துக் கண்ணை உருட்டி விழித்துக் காட்டுவார்கள். அவருடைய மனைவியும் அதே வானியலில் டாக்டர். வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தும் பிள்ளைக்குச் சளி பிடித்தால் அடுத்த தெருவுக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அன்று காலை கடையைத் திறந்து கூட்டிப் பெருக்கக்கூட இல்லை, மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் மூக்குக்கண்ணாடி, மறு கையில் அதன் கால்.

"பஸ்ல இருந்து இறங்கும்போது கழண்டுடுச்சுப்பா. ஸ்க்ரூ எங்க விழுந்துச்சுன்னே தெரியல. சீக்கிரம் போட்டுக் குடு."

"இன்னிக்குன்னு பாத்தா?"

"ஆமா, என் கிரகம்!" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கல்லாவில் உட்கார்ந்து செய்தித்தாளில் ராசிபலன் படித்துக்கொண்டிருந்த முதலாளியம்மாவும் சிரித்தார். "உன் கிரகத்துக்கு என்னம்மா குறைச்சல்? புதுசா ஒண்ணே கண்டுபிடிச்சு வெச்சிருக்கியாமே, உன் பொண்ணு சொன்னா."

சிரித்தாளே தவிர அவள் முகத்தில் சிரிப்பு தங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் நேர்காணலுக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்க வேண்டும். கோள் குடும்பங்களை ஆராய அங்கே ஒரே ஒரு இடம் விளம்பரம் செய்திருந்தார்கள். பட்டம் வாங்கி இத்தனை ஆண்டுக்குள் இருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பின் கடைசி விளிம்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இதற்கு முன் பார்த்ததெல்லாம் குட்டிக் குட்டி ஒப்பந்தங்கள். ஒவ்வொன்றும் முடியும்போது ஊரை மாற்று, வீட்டை மாற்று, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்று. இது கிடைத்தால் ஓரிடத்தில் மூச்சுவிடலாம். கிடைக்காவிட்டால் வானத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவளும் ஏதாவது ஒரு கடையில் கல்லாவைப் பார்த்து உட்கார வேண்டியதுதான்.

டாக்டர் ஏற்கெனவே அந்தக் கும்பிடைப் போட்டவர். ஒரே ஊரில் இரண்டு பேருக்கும் ஆராய்ச்சி வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தபோது அவர் இறங்கிக்கொண்டார். இறங்கியவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தாரா? அவள் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினால் காப்பியை ஆறவிட்டு மூன்று குற்றம் சொல்லுவார். சொன்ன குற்றம் மூன்றும் சரியாகவும் இருந்து தொலைக்கும். போன வருடம் ஒருநாள் அவள் அந்தப் படத்தைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, "உனக்குப் பொறாமைப்பா. நீ விட்டுட்டு வந்தத நான் வெச்சிருக்கேன்னு உனக்கு ஆத்திரம்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையும் காட்டவில்லை, அவரும் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதையே பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார், மனிதர்.

அதனால் அவள் ஒரு கோளைக் கண்டுபிடித்த சேதியே அவருக்கு மகள் வழியாகத்தான் வந்தது. ஏற்கெனவே மூன்று கோள்கள் இருப்பதாக உலகத்துக்குத் தெரிந்த ஒரு நட்சத்திரம். அம்மா நான்காவதைப் பிடித்துவிட்டாள். மகள் அந்த மூன்றுக்கும் அண்ணன், அக்கா, தம்பி என்று முறை வைத்து, நான்காவதற்குக் கடைக்குட்டி என்று பெயரும் சூட்டி, வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்திருந்தாள். "சந்தோஷம்" என்று மட்டும் டாக்டர் மனைவியிடம் சொன்னார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். எந்த நட்சத்திரம், என்ன கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அவர் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே பனிமூட்டம். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் தடவித் தடவிப் போய் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீ வேலையப் பாரு. நான் ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கறேன். அந்த எழுத்தெல்லாம்தான் தேர்வுக் குழு. மேல இருக்கற பெரிய எழுத்து தலைவரு. அது ஒண்ணுதான் எனக்கு மங்கலாவாவது தெரியுது."

டாக்டர் சிறு டப்பாவைத் திறந்து ஸ்க்ரூ தேடினார். அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். அந்த நட்சத்திரத்தின் எண்ணைச் சொன்னாள். டாக்டருக்கு அது தெரிந்த எண். பழைய ஊரில் இருவரும் சேர்ந்து உழைத்த நட்சத்திரம். அட, அதிலா கிடைத்தது என்று அவருக்கு உள்ளூர ஒரு பூரிப்பு. ஒரு கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு துளி மங்கும், அந்த மங்கல் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறதோ அதுதான் அந்தக் கோளின் ஆண்டு என்று அவள் எழுத்துப் பலகைக்கு விளக்கிக்கொண்டே போனாள். குரல் உறுதியாக இருந்தது. நன்றாகத்தான் பேசுகிறாள் என்று அவர் நினைத்தார்.

"இந்த நாலாவது கோள் தன்னோட சூரியன ஒரு தடவை சுத்தி வர ஆகற காலம், பதினேழு புள்ளி நாலு பூஜ்யம் ஒன்பது நாள்."

டாக்டரின் விரலிடுக்கிலிருந்த ஸ்க்ரூ நழுவித் தரையில் விழுந்து உருண்டது.

"என்ன சத்தம்?" என்றாள்.

"ஸ்க்ரூ."

"ஒரு ஸ்க்ரூவப் பிடிக்கத் தெரியல, இதுல டாக்டராம்."

அவர் குனிந்தார். குனிந்தவர் உடனே நிமிரவில்லை. மேசைக்கு அடியில் முழங்காலிட்டபடி அந்த எண்ணை மனத்துக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தார். பதினேழு. நானூற்று ஒன்பது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வெளிச்சக் கணக்கில் கோள் தேடுகிறவர் ஒழுங்காகத்தான் தேடுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் அந்தத் தரவில் ஒரு பொய்க் கோளைக் கலந்து வைத்துவிடுவார். அரிசி புடைக்கும் பிள்ளை கவனமாக இருக்கிறதா என்று பார்க்க நாமே ஒரு கல்லைப் போட்டு வைக்கிற மாதிரி. அவர்கள் குழுவில் அதற்குக் 'கல் போடுவது' என்றே பெயர். கல் அகப்பட்டால் தேடியவர் கெட்டிக்காரர். அகப்பட்ட உடனே போட்டவர் வந்து, அது நான் போட்டது என்று சொல்லிவிட வேண்டும். அது எழுதாத சட்டம்.

பழைய ஊரில், அவள் மாசமாக இருந்தபோது, கல் போடும் வேலை அவருடையது. அந்த நட்சத்திரத்தில் ஒரே ஒரு கல் போட்டார். எல்லாரும் வாயில் வந்த எண்ணைப் போடுவார்கள். இவருக்குக் கொஞ்சம் குறும்பு. இருவரும் முதன்முதலில் பேசிக்கொண்டது பதினேழாம் நம்பர் பஸ்ஸில். அவள் உட்கார்ந்து வேலை பார்த்தது நானூற்று ஒன்பதாம் அறையில். மழை வந்தால் கூரை ஒழுகும், வாளி வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அங்கேதான் கல்யாணத் தேதி குறித்தார்கள். அந்த இரண்டு எண்ணையும் ஒட்டவைத்துத் தரவுக்குள் புதைத்தார். அவள் தேடிக் கண்டுபிடித்து ஓடி வருவாள், 'நம்பரைப் பாரு' என்று சொல்ல வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

ஆனால் பிள்ளை அவசரப்பட்டு முன்னதாகவே பிறந்துவிட்டது. தேடல் நின்றது. அவர் வேலையை விட்டார். அந்தத் தரவுக்குக் கல் போட்டதும் போடாததுமாக இரண்டு பிரதிகள் இருந்தன. தோளில் அழும் பிள்ளையோடு ஒன்றை அழித்து ஒன்றை அவளுக்காக எடுத்து வைத்தார். போட்டது போய்விட்டது, போடாதது இருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நம்பினார். மாற்றி அழித்திருக்கிறார்! அவள் போன வருடம் அந்தப் பிரதியைத் திறந்து, கல்லைப் பொறுக்கி, அதைக் கோள் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அந்த நட்சத்திரத்தைப் பார்த்த தொலைநோக்கி ஓய்வு பெற்றுவிட்டது. மறுபடி பார்க்க வேறொன்றில் அவள் கேட்ட நேரம் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் இன்றைக்குத் தேர்வுக் குழுவில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கட்டுரை வெளியானதும் ஊரில் உலகத்தில் எவனாவது பொதுத் தரவுக் கிடங்கிலிருந்து அதே நட்சத்திரத்தின் அசல் பதிவை எடுத்துப் பார்ப்பான். அவனுக்கு மூன்றுதான் கிடைக்கும். நான்காவது எங்கே அம்மா என்று கேட்பான். அதற்கப்புறம் அவள் எங்கே போய் முகத்தைக் காட்டுவது?

இப்போதே சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்வது? வாழ்வா சாவா என்று கிளம்பி நிற்கிறவளிடம், போகிற வழியில், உன் கடைக்குட்டி பொய் என்று சொன்னால் அவள் வாயிலிருந்து முதலில் வரப்போகும் வார்த்தை என்னவென்று அவருக்குத் தெரியும். ஒருமுறை கேட்டது போதாதா?

"கிடைச்சுதா இல்லையா?" என்றாள் அவள்.

"கிடைச்சுது."

எழுந்தார். கீழே விழுந்ததை விட்டுவிட்டு டப்பாவிலிருந்து கைக்கு வந்த வேறொன்றை எடுத்துக் கண்ணாடியின் மடிப்பில் வைத்துத் திருகினார். அவள் அவர் இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். அவளுக்கு அவர் வெறும் நிழல்.

"ஏதாவது சொல்லேன். நல்லா இருக்கா?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் கேட்கிறாள். அவர் திருகிக்கொண்டே இருந்தார்.

"இன்னிக்கு மட்டும் கேக்கறேன்ப்பா. ஆனா நல்லதா சொல்லு. கெட்டதெல்லாம் நாளைக்குச் சொல்லிக்கோ."

"நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

அவள் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்க்குமுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள், ஐயோ என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

முதல் வாடிக்கையாளர் ஒரு தையல்காரர். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, நூலா ஊசியா யார் மேல் குற்றம் என்று தெரியவில்லை என்றார். டாக்டர் அவர் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டி ஒரு லென்ஸைப் போட்டார்.

"இது நல்லா தெரியுதா?" லென்ஸை மாற்றினார். "இல்ல, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

மறுபடி மாற்றினார். "இதுவா? இல்ல, இதுவா?"

"முன்னாடி போட்டது தேவலை. இல்ல இல்ல, இதுவே இருக்கட்டும். டாக்டர், நீங்களே பாத்துச் சொல்லுங்களேன். எது சரின்னு உங்களுக்குத் தெரியாதா?"

டாக்டர் லென்ஸைக் கையில் பிடித்தபடி நின்றார். தெரியும் ஐயா, தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்று தோன்றியது. அவளுக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். இன்னொரு முறை போட்டார். பிறகு மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க? ஆள் உக்காந்திருக்காரு!" என்றார் முதலாளியம்மா.

"கிரகம் சரியில்லம்மா."

"அதான் காலைலயே படிச்சேன்" என்று முதலாளியம்மா செய்தித்தாளைத் தட்டிக் காட்டினார். "அலைச்சல்னு போட்டிருக்கான். போயிட்டு வாங்க."

வாடகைக் கார் ஒவ்வொரு விளக்கிலும் நின்றது. டிரைவர் நிதானமான மனிதர். மஞ்சள் விளக்கைப் பார்த்தாலே காலை பிரேக்கில் வைத்துவிடுவார். "கொஞ்சம் வேகமா போங்கண்ணே" என்று கெஞ்சியதற்கு, "வேகமாப் போனவங்கெல்லாம் எங்க போய்ச் சேந்தாங்கன்னு எனக்குத் தெரியும் சார்" என்று பதில் வந்தது. டாக்டர் கார்க் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று வாக்கியங்களைச் சேர்த்துப் பார்த்தார். எந்த வாக்கியமும் பொறாமைக்காரன் சொல்கிற மாதிரியே இருந்தது.

நிலையத்தின் இரண்டாவது மாடியில் நீண்ட நடைவழி, ஒரு மூடிய கதவு, கதவுக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞன் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாற்காலியில் அவள். இன்னும் உள்ளே போகவில்லை. டாக்டருக்கு உயிர் வந்தது, வந்த உடனே போகவும் செய்தது.

அவரைப் பார்த்ததும் அவள் துள்ளி எழுந்தாள். "பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"பாப்பா நல்லா இருக்கா. ஸ்கூல்ல இருக்கா. இங்க வா." அவளை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார். சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தக் கடைக்குட்டி... அது கல்லு."

"என்ன கல்லு?"

"நான் போட்ட கல்லு. பழைய ஊர்ல."

அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. "உன் கல்லெல்லாம் அங்கயே அழிச்சாச்சுன்னு நீதான சொன்ன?"

"அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். மாத்தி அழிச்சிட்டேன் போல."

"போலவா?" குரல் எழும்பியது. முணுமுணுத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒரு கண்ணைத் திறந்தான். அவள் பல்லைக் கடித்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உள்ள கூப்பிடப் போறாங்க. இப்ப வந்து, போல, மாதிரின்னு என் தலைல கல்லத் தூக்கிப் போடற. எட்டு மாசம் நான் ராவும் பகலுமா உக்காந்து பாத்தது. உன்கிட்ட சொல்லாம பண்ணினேன்னு கோபமா? ஏன்ப்பா, உன்னால நிஜமாவே பொறுக்க முடியலையா?"

அவர் எதிர்பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைதான். இருந்தும் வலித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பதினேழாம் நம்பர் பஸ்."

"என்னது?"

"நானூத்தி ஒன்பதாம் ரூம்."

அவள் திறந்த வாய் திறந்தபடி நின்றது. உதடு மட்டும் அந்த எண்களைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது. பதினேழு. புள்ளி. நாலு. பூஜ்யம். ஒன்பது. அவர் ஏழு வருடமாகப் பார்க்கக் காத்திருந்த முகம் அதுதான். ஆனால் இப்படியா பார்க்க வேண்டும்?

கதவு திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்து, "மேடம், நீங்க வரலாம்" என்றது.

அவள் அசையவில்லை. "காலைல கடைல கேட்டேனே. அப்பவே ஏன் சொல்லல?"

"நல்லதா சொல்லுன்னு சொன்ன."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு விளங்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

டாக்டர் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கதவு தடிமனானது. பேசுவது காதில் விழுந்தது, என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. அவளுடைய குரல்தான், காலையில் எழுத்துப் பலகையோடு பேசிய அதே தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால்தான் என்ன? அவரையும் அவளையும் தவிர இந்த விஷயம் யாருக்குத் தெரியும்? முதலில் வேலை கையில் வரட்டும், அடுத்த வாரம் மறுபடி சரிபார்த்தேன், தவறு கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே. அவள் அப்படிச் செய்துவிடுவாளோ என்று பயந்தார். அப்படியே செய்துவிடக் கூடாதா என்று அதே நொடியில் ஆசையும் பட்டார். இரண்டும் அவர் நெஞ்சுக்குள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நின்றன.

"சார், நீங்களும் இன்டர்வியூவுக்கா?" என்றான் இளைஞன்.

"இல்லப்பா. நான் கண்ணாடி ரிப்பேர்."

போன் அதிர்ந்தது. முதலாளியம்மா. "டாக்டர், தையல்காரர் இன்னும் அந்த ஃபிரேம மாட்டிக்கிட்டே உக்காந்திருக்கார். கழட்டலாமான்னு கேக்கறார்."

"கழட்டச் சொல்லுங்கம்மா."

"கடைசியாப் போட்டது நல்லா தெரியுதாம். அதையே போட்டுடச் சொல்றார்."

உள்ளே பேச்சு திடீரென்று நின்றது. டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஏதோ சின்னதாக விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ ஓர் ஆண் நீளமாக ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள், தாளம் போய்விட்டது, விட்டு விட்டு வந்தது. மறுபடி ஆண் குரல். மறுபடி அவள். பிறகு பல குரல்கள் ஒன்றாக. இளைஞன் முணுமுணுப்பதை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தான்.

கதவு திறந்து அவள் வந்தபோது ஒரு கையால் கண்ணாடியை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கால் மறுபடி கழன்றிருந்தது. "போலாம்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் உள்ள போனேன். தெரிஞ்சுக்கோ. திரையில மொத மூணு படம் வரைக்கும் அதே எண்ணம்தான். வேலை கிடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு."

அவர் தலையசைத்தார். தானும் வெளியே அதையேதான் நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லலாம் என்று விட்டார்.

"நாலாவது படத்துல அந்த நம்பர் வந்துச்சு. நான்தான பெருசாப் போட்டு வெச்சேன், செவுரு அகலத்துக்கு. அதப் பாத்ததும் நாக்கு எழும்பல. நேத்து வரைக்கும் அது ஒரு கோளோட வருஷம். இப்ப பாத்தா பஸ் நிக்குது, ரூம் ஒழுகுது. அத எப்படிப்பா நான் அவங்ககிட்ட கோள்னு சொல்றது? குனிஞ்சேன். கண்ணாடிக் கால் வேற கழண்டு மேசை மேல விழுந்துடுச்சு. அதப் பிடிச்சுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். இது கல்லு, போட்டது என் வீட்டுக்காரர், எனக்குத் தெரிஞ்சு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சுன்னு."

"அவங்க?"

"தலைவர் மரியாதையாத்தான் பேசினாரு. மூணு கோளும் எல்லாருக்கும் தெரிஞ்சதும்மா, நாலாவதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டோம்னாரு. உங்க நேர்மையப் பாராட்டறோம்னாரு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வேலைக்கு எடுக்கறவங்கள யாருப்பா பாராட்டுவாங்க?"

மாற்றி அழித்தது தன் கைதான் என்பது டாக்டருக்குள் கனத்துக்கொண்டே இருந்தது. மன்னித்துவிடு என்று சொன்னார். அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. கையை நீட்டிக் கண்ணாடியை அவள் முகத்திலிருந்து எடுத்தார். மடிப்பைப் பார்த்தவருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் போட்டது அளவில்லாத ஸ்க்ரூ. கடையில் சேர்ந்த முதல் வாரத்தில்கூட அவர் அப்படிப் போட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பர்ஸின் மூலையில் கிடந்த ஒன்றிரண்டை உள்ளங்கையில் கொட்டி, பொருந்துகிற ஒன்றைத் தேடினார்.

"பாப்பாகிட்ட என்ன சொல்றது?" என்றாள் அவள், எதிரே எதுவும் தெரியாமல் தெருவைப் பார்த்தபடி. "கிளாஸ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா. கடைக்குட்டி, கடைக்குட்டின்னு. அது அவ பொறக்கறதுக்கு முன்னாடியே போட்டது, அவளுக்கு மூத்ததுன்னுதான் சொல்லணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். அவர் ஸ்க்ரூ தேடுவதை நிறுத்தி, அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார்.

"தினம் அந்த நம்பரப் பாத்தேன்ப்பா. பல் தேய்க்கும்போதுகூட மனசுக்குள்ள ஓடும். ஒரு தடவை கூட எனக்குத் தோணல பாரு." பிறகு கேட்டாள்: "நான் கண்டுபிடிச்சா, எப்ப என்கிட்ட சொல்றதா இருந்த?"

"அன்னிக்கே. நீ ஓடி வந்து சொல்லுவ இல்ல, அந்த நிமிஷமே."

"நான் ஓடி வரலையே" என்றாள்.

"நானும் கேக்கல."

தூரத்தில் ஒரு பஸ் திரும்பியது. கண்ணாடி இன்னும் அவர் கையில் இருந்தது. அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்தது தெரியவில்லை.

"எத்தனாம் நம்பர்?" என்று கேட்டாள்.

டாக்டர் அண்ணாந்து பார்த்து எண்ணைச் சொன்னார். நம்ம பஸ்தான் என்றார். அவள் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார்.